கூட்டுப் பட்டாவும் அமெரிக்க வரியும்

கோவில்பட்டி,
11-4-2003

அன்புள்ள சித்திக்கு உமாதேவி எழுதுவது.

நடந்ததை நடந்தபடியே, எதையும் விடாமல் எழுதப்போகிறேன். எல்லோரும் நலம் என்று ஆரம்பித்தால் முதல் வரியே பொய்யாகிவிடும். சித்தப்பாவின் கை பம்ப்செட் பெல்ட்டில் மாட்டிக்கொண்டதாக அம்மா அமெரிக்காவுக்குப் போன் செய்து உங்களிடம் சொன்னாள். போலீசிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். சித்தப்பாவே அப்படித்தான் சொன்னார். ஆனால் எங்கள் கிணற்றில் மூன்று மாதமாகத் தண்ணீர் இல்லை, சித்தி. மோட்டார் ஓடவே இல்லை.

மாலைப் பத்திரிகை எங்கள் ஊருக்கு ஐந்தரை மணி பஸ்ஸில் வரும். களத்தில் மிளகாய் வற்றல் பொறுக்குகிறவர்களுக்கு நான்தான் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். போன மாதம் 28ஆம் தேதி, வெளிநாட்டில் வசிக்கும் அமெரிக்கக் குடிமக்கள் சொத்தில் பாதியை அமெரிக்காவுக்கு வரியாகக் கட்ட வேண்டும், தவறினால் பறிமுதல் என்று ஏழு வரிச் செய்தி வந்திருந்தது. சித்தப்பா ஊருக்குத் திரும்பி ஒரு வருடமானாலும் அமெரிக்கப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மாயகிருஷ்ணன் பெரியப்பா கையிலிருந்த வற்றலைக் கீழே போட்டுவிட்டு, "ஏட்டி, நிலம் கூட்டுப் பட்டால்லா. எங்க பங்கும் சேந்து போயிருமா?" என்று கேட்டார். பத்திரிகையில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நான் "போயிரும் பெரியப்பா" என்றேன். முன்பு பெரியப்பா வாங்கிய கடனுக்கு ஜப்தி வந்தபோது, ஒரே பட்டாவில் பெயர் இருக்கிறது என்று எங்கள் வீட்டுக் கதவையும் கழற்றிக்கொண்டு போனார்கள். அது நினைவுக்கு வந்தது. தெரியாது என்று சொல்லவும் எனக்கு வெட்கமாக இருந்தது.

பெரியப்பாவும் அப்பாவும் அப்போதே சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பினார்கள். அவர்கள் போனபோது சித்தப்பா நீங்கள் அனுப்பிய வரிப் படிவங்களைத்தான் நிரப்பிக்கொண்டிருந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன். வாசலில் குரைத்த நாயைப் பெரியப்பா மண்வெட்டியால் அடித்தார். இரண்டாவது அடியில் அது செத்துவிட்டது. "ஏலே, எங்க நிலத்தயும் சேத்து எழுதிக் கொடுக்கியோ?" என்று கேட்டார்.

சித்தப்பா முதலில் சிரித்தார். "அண்ணே, வருசா வருசம் வருமானக் கணக்குக் காட்டணும். அம்புட்டுதான். கணக்குக் காட்டுதவன் எல்லாம் வரி கட்டணும்னு இல்ல. இங்கன கட்டுன வரிய அங்கன கழிச்சுக்கிடலாம். நிலத்த ஒருத்தனும் கேக்கல" என்றார். "அச்சுல போட்டவன் மடையன், இவுக ஒருத்தருதான் படிச்சவுக" என்றார் பெரியப்பா. பட்டாவிலிருந்து விலகிக்கொள்வதாகக் கையெழுத்துப் போடச் சொன்னார். தப்பான சேதிக்காக என் பங்கை விடமாட்டேன் என்று சித்தப்பா எழுந்தார். பெரியப்பா நாற்காலியால் அவர் வாயில் அடித்தார். இரண்டு பல் தெறித்தது. கழுத்தைப் பிடித்து மேசைமேல் அழுத்தினார்.

சித்தப்பா வலது கையால் மேசை விளிம்பைப் பிடித்திருந்தார். பெரியப்பாவின் இரண்டு கைகளும் அவர் கழுத்தில் இருந்தன. வெட்டியது அப்பா. வேலிக்கருவை வெட்டும் எங்கள் வீட்டு அரிவாள். சுண்டுவிரலும் பக்கத்து விரலும் படிவங்கள்மேல் விழுந்தன. சித்தப்பா கத்தவில்லை. "நந்தண்ணே, நீயா?" என்று மட்டும் கேட்டார். அப்பாவின் வேட்டியைக் கிழித்துத்தான் கையைக் கட்டினோம். கிழித்துக் கொடுத்தது அப்பாதான்.

இப்போது பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார். காயம் சீழ் பிடித்ததால் 26ஆம் தேதிதான் வீட்டுக்கு விடுவார்களாம். அன்றைக்கு வேன் கொண்டு வந்து நேராகப் பதிவு அலுவலகத்துக்கே கூட்டிப்போகப் போவதாகப் பெரியப்பா ஊரில் சொல்லியிருக்கிறார். "ரெண்டு வெரலுதான போச்சு. ரேகை வைக்கக் கட்டவெரல் இருக்குல்லா" என்று சிரித்தாராம். வரமாட்டேன் என்று சித்தப்பா சொல்வார். அதற்குப் பிறகு என்ன செய்வார்களோ, தெரியவில்லை.

நேற்று அந்தப் பத்திரிகை அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். செய்தி போட்டவர் கோபப்படவில்லை. இங்கிலீஷில் நீளமாக வந்ததை இடத்துக்குத் தக்கபடி வெட்டினாராம். "பாதிங்கது நாந்தான் போட்டேன் பாப்பா. தலைப்பு இழுக்கணும்லா" என்றார். விரல்களைப் பற்றிச் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். அமெரிக்காவில் இருக்கிற ஒருவர் சரியான விவரத்தை எழுதி அனுப்பினால் திருத்தம் போடுவதாகச் சொன்னார். முகவரியும் ஃபேக்ஸ் எண்ணும் தனித்தாளில் வைத்திருக்கிறேன். அச்சில் வந்தால்தான் பெரியப்பா நம்புவார்.

கூட்டுப் பட்டாவில் மற்றவர் பங்குக்கு எதுவும் வராது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள். அது பத்திரிகை செய்த தப்பு இல்லை, நான் செய்தது. திருத்தம் வந்தால் அதே களத்தில் நின்று நானே படிப்பேன். அப்பாவைப் பற்றி என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தினமும் ஆஸ்பத்திரி வாசல் வரை வந்து வெயிலில் நிற்கிறார். உள்ளே போவதில்லை. சித்தப்பா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "அண்ணன் சாப்பிட்டாரா?" என்று என்னிடம் கேட்கிறார்.

எனக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம், சித்தி. பத்திரிகைக்கு எழுதுங்கள். 26ஆம் தேதிக்கு முன்னால் வந்து சேரும்படி எழுதுங்கள்.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கும்,
உமாதேவி

நூலகத்தில் உட்கார்ந்து எழுதினேன். மூடும் நேரமாகிவிட்டது, திரும்பப் படித்துப் பார்க்க முடியவில்லை. விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.