வெள்ளி டம்ளர்

கடவுள் துணை.

என் வீட்டுக்காரருக்கு வணக்கம். நான் சுகம். உங்கள் தொண்டைக் கட்டி எப்படி இருக்கிறது? கஞ்சியாவது இறங்குகிறதா?

ஆஸ்பத்திரி ஊசியை நிறுத்திவிட்டு, வெள்ளி டம்ளரில் ஊறிய தண்ணீரைக் குடிக்கிறீர்களாம். "எல்லாம் அண்ணி எழுதின வைத்தியந்தான்" என்று உங்கள் தங்கை குத்திக்காட்டி எழுதியிருக்கிறாள். தப்பு என்னுடையதுதான். இங்கே வேலையில் நான் கழுவும் ஆய்வகத் தட்டுகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்து, வெள்ளியில் செய்த புது மருந்து பட்டு நாற்பதில் முப்பத்தொரு தட்டில் புற்றுநோய் செல்கள் செத்தன என்று உங்களுக்கு எழுதினேன். பக்கத்துத் தட்டுகளில் நல்ல செல்களும் செத்ததை எழுத மனம் வரவில்லை.

வெட்கத்தை விட்டு உங்களுக்குக் கொஞ்சம் மருந்து கேட்டேன். ஆராய்ச்சிக்காரப் பெண் சிரித்துவிட்டாள்.

"அக்கா, தட்டுல நோய் செத்தா ஆச்சா? மனுஷன் பொழைக்கணும்ல. அதுக்கே பத்து வருஷம் ஆகும். டம்ளர் தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

பத்து வருஷம். அன்று சாமி கும்பிடக்கூட கை எழவில்லை.

செவ்வாய்க்கிழமை ஊசிக்குப் போய்விடுங்கள். அந்த டம்ளரை எனக்கு அனுப்பிவிடுங்கள். இங்கே எனக்கென்று ஒரு டம்ளர்கூட இல்லை; உங்கள் கைபட்டதாக இருக்கட்டும்.

கழுவத் தட்டுகள் வந்துவிட்டன.

உங்கள் மனைவி