கோடு போட்ட பல்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்ற நம்பிக்கையில் தொடங்குகிறேன். இங்கே நாங்கள் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் பரவாயில்லை, மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள், அவள் கேட்டால்தானே. தினமும் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல நாலு தடவை ஆரம்பித்தேன், நாலு தடவையும் அங்கே மழையா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

உன் தம்பி மகள் இருக்கிறாளே, நம் வாலு, அவளுக்கு மேல்வரிசை முன்பற்கள் விழுந்து ஒரு பக்கம் முளைத்துவிட்டது, மறுபக்கம் ஒரு வருஷமாகப் பொக்கை. முளைக்கிற நேரத்தில் முளைக்கும் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், முப்பத்தெட்டு வருஷம் பல் கட்டிக் கொடுத்தவன் சொன்னால் வீட்டில் யார் மறுப்பார்கள். மருமகள் மட்டும் கேட்காமல் போன வாரம் பல் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனாள், நானும் போனேன். அந்த அம்மா ஈறைத் தடவிப் பார்த்துவிட்டு எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். எலும்புக்குள்ளே கூம்பு மாதிரி ஒரு சின்னப் பல், தலைகீழாக, வர வேண்டிய பல்லை வழிமறித்துக்கொண்டு நிற்கிறது. கணக்கில் சேராத பல். இப்போதே எடுத்துவிட்டால் நிஜப் பல் தானாக இறங்க வாய்ப்பு உண்டாம், தள்ளிப்போட்டால் கம்பி கட்டி இழுக்க வேண்டிவருமாம். இது சில குடும்பங்களில் தொடர்ந்து வரும், உங்களில் யாருக்காவது கூடுதல் பல் இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

இருந்தது, உனக்கு. பதினொரு வயதில் முன்பல்லுக்கு அடுத்து ஒரே மாதிரி இரண்டு பற்கள், ஞாபகம் இருக்கும். நான் வேலை பார்த்த இடத்திலேயே உனக்கு அச்சு எடுத்து, பிளாஸ்டரில் வார்த்து, மேஜையில் வைத்து இரண்டு நாள் பார்த்தேன். ஒன்று வரிசையில் நேராக நின்றது, இன்னொன்று தெத்துப்பல். தெத்துப்பல்தான் கூடுதல் என்று அதன்மேல் பென்சிலால் கோடு போட்டு எங்கள் டாக்டரிடம் கொடுத்தேன். ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடலாமே என்றார். நான்தான் வேண்டாம் என்றேன், என் கண்ணுக்குத் தெரியாததா என்ற திமிர். அவரும் என் பேச்சை நம்பி கோடு போட்ட பல்லைப் பிடுங்கினார். தட்டில் விழுந்ததைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, வேர் அவ்வளவு நீளம், அவ்வளவு உறுதி. அதுதான் உன் பல். வரிசையில் ஒழுங்காக நின்றதுதான் அரை வேரோடு வந்த விருந்தாளி. அச்சில் ஈறுக்கு வெளியே இருப்பதுதான் பதியும், வேர் பதியாது, இதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லித் தப்பிக்க நான் யானையும் இல்லை.

உன் இருபத்திரண்டாவது வயதில் அந்த அரை வேர்ப் பல் ஆடி விழுந்தபோது, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தாயே, அந்த அடிதான் என்றேன். நீ நம்பினாய். சைக்கிள் கற்றுக்கொடுத்த உன் சித்தப்பாவும் நம்பினான். நான் பிடியை விட்டிருக்கக் கூடாது அண்ணா என்று சாகும்வரை சொன்னான், நானும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அந்த இடத்துக்குப் பல் கட்டியதும் நான்தான், நிறம் ஒத்துவர ஏழு தடவை செய்தேன், அப்பா என்றால் இவரல்லவா அப்பா என்றார்கள். நீ அன்றிலிருந்து கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிக்கிறாய். மன்னித்துவிடு என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பேரனுக்கும் ஒரு பக்கம் முளைத்து எட்டு மாதமாகியும் மறுபக்கம் காணோம். எக்ஸ்ரே எடு என்று உன் தம்பி சொன்னதற்கு, அப்பாவே பொறுக்கச் சொல்லியிருக்கிறார், அவருக்குத் தெரியாததா என்றாயாம். அது என் காதுக்கு வந்தது. அம்மாவுக்கே அப்போதுதான் எல்லாம் சொன்னேன். "நீங்களே அவளுக்கு எழுதுங்க. நான் சொன்னா உங்களைக் காப்பாத்தித்தான் சொல்வேன்" என்றாள். மறுநாள் டாக்டரம்மாவிடம் தனியாகப் போய் உள்ளதைச் சொன்னேன். அவர் திட்டவில்லை, அந்தப் பையனுக்குப் படம் எடுத்தாச்சா என்று மட்டும் கேட்டார்.

பொறு என்று நான் சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். இந்த வாரமே கூட்டிப்போ. கோபம் இருந்தால் திட்டு, ஆனால் எக்ஸ்ரே எடுத்த பிறகு திட்டு. வாலுவுக்கு வருகிற வெள்ளிக்கிழமை அந்தப் பல்லை எடுக்கிறார்கள், அவள் பயப்படவில்லை, நான்தான் பயப்படுகிறேன்.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக வாழ வேண்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பைச் சொல். உன் பழைய பிளாஸ்டர் அச்சைப் பஞ்சில் சுற்றி இதோடு அனுப்பியிருக்கிறேன், பிரிக்கும்போது பார்த்து, முனை உடையும். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று அங்குள்ள டாக்டர் கேட்டால் உண்டு என்று சொல்லி அதைக் காட்டு. கோடு போட்டிருப்பதுதான் உன் பல்.

இப்படிக்கு,
உன் அப்பா