மாமாவின் கணக்கில் பெரிய ஜூ

நீர்யானைக் குளத்துக் கம்பியை விட்டு லேசில் நகராத என் அருமை மாமாவுக்கு,

நல்ல செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தை நேற்று வெளியே வந்தார். வீட்டு வாசலைத் தாண்டி, நம் அல்வால் பகுதியையே தாண்டி, ஊரின் மறுகோடியில் இருக்கும் ஜூ பார்க் வரைக்கும் வந்தார்.

நீங்கள் போனதிலிருந்து அவர் கேட்டைத் தாண்டவே இல்லை மாமா. தனியாக விடக்கூடாதென்று உங்கள் பெண் உமாவும் நானும் பேத்தி மித்ராவும் கொண்டாப்பூர் வீட்டைக் காலி செய்துவிட்டு உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டோம். கோயிலுக்குக் கூப்பிட்டோம், கல்யாணத்துக்குக் கூப்பிட்டோம், தெருமுனைக் காய்கறி வண்டி வரைக்குமாவது வாருங்கள் என்று கெஞ்சினோம். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான். "நீங்க போய்ட்டு வாங்க. நான் வீட்டைப் பாத்துக்கறேன்." கால் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்படியே அந்த நாற்காலியிலேயே முடங்கிவிடுவாரோ என்று உமா பயந்தாள். நானும் பயந்தேன், வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

கடைசியில் அவரை வெளியே கொண்டுவந்தது நீங்கள்தான். அதுவும் உங்களுடைய அந்தப் பெரிய புளுகு. நம்ம ஊர் ஜூதான் உலகத்திலேயே பெரிசு என்று வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அடித்துச் சொல்வீர்களே, அதேதான்.

என்னிடமும் சொன்னீர்கள். பெண் பார்க்கத் திண்டுக்கல்லிலிருந்து வந்த என்னை, பஜ்ஜி சொஜ்ஜி முடிந்த மறுநாள் காலை அங்கேதான் கூட்டிப்போனீர்கள். நான் சார்மினாரை எதிர்பார்த்திருந்தேன். நீங்களோ புலி, சிங்கம் எதையும் திரும்பிப் பார்க்காமல் நேராக நீர்யானைக் குளத்தின் முன்னால் போய் நின்றீர்கள். தண்ணீரில் ஒன்றும் தெரியவில்லை. வெயில் ஏறியது. "அடுத்தது போலாமா சார்?" என்று கேட்டேன். "நக்கோ, வேணாம் மாப்பிள்ளை, இன்னும் தலையே தூக்கலையே" என்றீர்கள். சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று அந்த 'மாப்பிள்ளை'யில்தான் எனக்குத் தெரிந்தது.

ஒரு தடவைக்கு ஒரு விலங்கு, அது உங்கள் சட்டம். பாதுகாப்புத் துறை ஆய்வகத்தில் மீட்டர்களைச் சோதித்தவர் நீங்கள். முள் ஆடி அடங்கும் முன்னால் அளவை எழுதக் கூடாது என்பீர்கள். மிருகத்தையும் அப்படித்தான் பார்த்தீர்கள். தஞ்சாவூரிலிருந்து வந்த உங்கள் தம்பி குடும்பம், நாள் முழுக்க ஒட்டகச்சிவிங்கியை மட்டும் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ரயிலேறிய கதையை உமா இன்றும் சொல்லிச் சிரிக்கிறாள்.

நான் ஆபீஸ் வேலையாகப் பெர்லின் போனது நினைவிருக்கிறதா? அங்கே இருக்கும் பெரிய ஜூவுக்குக் கூட வேலை செய்கிறவர்களோடு போனேன். அவர்கள் மேப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். நான் நீர்யானை முன்னால் நின்றுவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் அது தண்ணீருக்குள் நடப்பதை வீடியோ காலில் உங்களுக்குக் காட்டினேன். "பெரிய ஜூதான் மாமா. மத்தவங்க மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டாங்க" என்றேன். "ஹவ்வா? அப்படியா? முடிச்சிட்டாங்கன்னா அது எப்படிப் பெரிசு?" என்று கேட்டீர்கள். நான் போனை மறுபடி நீர்யானைப் பக்கம் திருப்பினேன்.

அதன்பிறகு, "என் மாப்பிள்ளை பெர்லின்ல நீர்யானை பாக்கறார்" என்று காலனி முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தீர்களாம். என் அப்பா நான் சின்னவனாக இருக்கும்போதே போய்விட்டார். என்னைப் பற்றி ஊரெல்லாம் பெருமையடிக்க எனக்கு யாரும் இருந்ததில்லை மாமா. அதற்கு உங்களுக்கு நான் நன்றி சொல்லவே இல்லை. எப்படிச் சொல்வதென்று தெரியாமல் வருகிற ஒவ்வொரு தடவையும் உங்கள் காரை மட்டும் கழுவி வைத்தேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டில் மித்ரா போனைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தாள். "அம்மம்மா, தாத்தா சொன்னது ராங். ஏரியா வைஸ் பார்த்தாலும் ராங், ஸ்பீஷீஸ் வைஸ் பார்த்தாலும் ராங். அமெரிக்கால, ஜெர்மனில எல்லாம் சாலா பெத்த ஜூ இருக்கு, ரொம்ப ரொம்பப் பெரிசு. நம்மளது டாப்ல லேது."

உமா அவளை முறைத்தாள். அத்தையின் கை ரசம் சாதத்தில் நின்றுவிட்டது.

"யாருடி சொன்னா? அந்தப் போனா? அது என்னிக்காவது நம்ம ஜூவுக்குப் போயிருக்கா? உங்க தாத்தா அத்தனை வருஷம் போயும் பாதிகூட முடிக்கலை. கிளம்பு, நாளைக்கே காட்டறேன்."

கேட்டைத் தாண்டாதவர் தானாகவே கிளம்புகிறேன் என்கிறார்! ஆனால் நாளை திங்கள், ஜூவுக்கு விடுமுறை. தட்டைப் பார்த்துக்கொண்டே அதைச் சொன்னேன். "அப்ப செவ்வாய்க்கிழமை" என்று எழுந்துபோனார். மறுநாள் பழையபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், ஜூ பேச்சையே எடுக்கவில்லை. அவ்வளவுதான், கோபம் ஆறிவிட்டது என்று நானும் விட்டுவிட்டேன். செவ்வாய் காலை என்னை எழுப்பியது புளியோதரை வாசனை. ஹாலில் அத்தை புடவை மாற்றிக்கொண்டு, செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். உமாவுக்கு ஆபீஸில் தவிர்க்க முடியாத மீட்டிங். நான் லீவு போட்டேன், மித்ரா பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டாள்.

நீர்யானைக் குளத்துக்கு எதிரே மரத்தடி பெஞ்சில் அத்தை பையை வைத்தார். குரங்கு தூக்கிப்போகாமல் சாப்பாட்டுக்குக் காவல் இருப்பது எப்போதும் அவர் வேலைதானே. நானும் மித்ராவும் கம்பியை நோக்கி நடந்தோம்.

"மாப்பிள்ளை" என்று கூப்பிட்டார். "இன்னிக்குப் பையை நீங்க பாத்துக்குங்க. அந்த மனுஷன் அப்படி என்னத்தைத்தான் பார்த்தார்னு நானும் பார்த்துடறேன்."

உங்களுக்குத் தெரியுமா மாமா, இத்தனை வருடத்தில் அத்தை ஒரு விலங்கைக்கூட நின்று பார்த்ததில்லை. அந்தப் பெஞ்சிலிருந்து அவர் பார்த்ததெல்லாம் கம்பியோரம் நிற்கும் உங்கள் முதுகைத்தான். நீங்கள் நின்ற இடத்தில் நேற்று அவர் நின்றார். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தண்ணீரில் ஒன்றுமில்லை. மித்ரா கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள். "இரு, வரும்" என்றார் அத்தை. வெகுநேரம் கழித்து இரண்டு காதுகள் தெரிந்தன. பிறகு தலை. பிறகு அது வாயைப் பிளந்தது.

"அம்மாடி!" என்று அத்தை சிரித்தார். வாயைப் பொத்திக்கொள்ளாமல், பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தார். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன். குரங்கு ஒன்று என்னைப் பார்த்துவிட்டுத் தள்ளிப்போனது.

சாப்பிட்டு முடித்ததும் மித்ரா எழுந்தாள். "நெக்ஸ்ட் புலி!"

"இன்னிக்கு இது போதும்டி" என்றார் அத்தை. "புலி அடுத்த தடவை."

அடுத்த தடவை. நீங்கள் போன பிறகு அத்தை வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை மாமா. காரில் வரும்போது மித்ரா கேட்டாள், "அம்மம்மா, இப்படியே போனா நம்ம ஃபினிஷ் பண்ணவே மாட்டோமா?" "மாட்டோம்" என்றார் அத்தை, சந்தோஷமாக. மித்ரா அதற்கு மேல் போனை எடுக்கவில்லை.

புலிக்கு ஒரு நாள், காண்டாமிருகத்துக்கு ஒரு நாள், பறவைகளுக்கு எத்தனை நாளோ. அத்தைக்குக் காலில் தெம்பு இருக்கிறவரை நான் கூட்டிப்போவேன், அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போவேன். அடுத்தது போலாமா என்று மட்டும் கேட்க மாட்டேன். இது சத்தியம்.

சாப்பாட்டுப் பையோடு பெஞ்சில் இருக்கும்,
உங்கள் மாப்பிள்ளை