மண்ணில் குத்தி வைத்த மண்வெட்டி

நீ இறந்தபின் முதல்முறையாக உன் நீலக் கோப்பைத் திறந்தேன், தோழி. தலையிடிக்குப் பூசும் தைலத்தின் வாசம் இன்னும் போகவில்லை. எட்டு வகுப்புகளுக்கான குறிப்புகளில் ஐந்தாவதோடு உன் கையெழுத்து நின்றுவிடுகிறது. ஆறாவது பக்கத்தில் தலைப்பு மட்டும்: 'ஆன்மா ஏன் இறங்கி வந்தது?'

கோலியர்ஸ் வுட் கிறிஸ்தவக் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமைப் பின்னேரங்களில் நீ யூத மெய்யியலைத் தமிழில் சொல்லிக்கொடுத்தாய். வந்தவர்கள் ஏழு பேர். போன கிழமை ஃபாதர் தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளை, அவவின்ரை வகுப்பை நிப்பாட்டுவமோ? மண்டபத்தைச் சும்மா பூட்டி வைக்க ஏலாது. சும்பா டான்ஸ் ஆடுற ஆக்கள் கேக்கினம்."

யோசித்துச் சொல்வதாகச் சொன்னேன்.

நான் ஆன்மாவை நம்பாதவள், மூளை நரம்புகளைப் படித்தவள். அது தெரிந்தும் ஒவ்வொரு வகுப்பையும் என் சமையலறையில்தான் ஒத்திகை பார்ப்பாய். ஆன்மா உயர்ந்த இடத்திலிருந்து இறங்கி வருவது, உடலில்லாமல் அதனால் ஒரு நற்செயலும் செய்ய முடியாது என்பதால்தான் என்று யூத ஞானிகள் சிலர் கருதியதைச் சொல்வாய். அவர்களுக்கு உடல் சிறையல்ல, வேலை செய்யும் கை. ஒவ்வோர் ஆன்மாவுக்கும் உலகில் சீர்செய்யத் தனக்கென்று ஒரு பங்கு உண்டு, அதை இன்னொருவர் செய்துதர முடியாது என்பாய்.

"ஆதாரம்?" என்பேன்.

"உனக்கு ஆன்மா இல்லையெண்டால், இவ்வளவு நேரமும் என்னோடை சண்டை பிடிக்கிறது ஆரடி?"

"மூளை."

"அப்ப மூளையை எழும்பித் தேத்தண்ணி போடச் சொல்லு."

உனக்கு இதையெல்லாம் கற்பித்த யூதப் பேராசிரியர் இறந்தபோது என்னையும் யூத மயானத்துக்கு அழைத்துப் போனாய். வந்தவர்களே ஒவ்வொருவராகக் குழிக்குள் மண் போட்டார்கள். நான் போட்டு முடித்ததும், மண்வெட்டியின் பிடியைத் துடைத்து, நம் ஊர் மரியாதைப்படி இரண்டு கையாலும் உன்னிடம் நீட்டினேன். நீ வாங்கவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாய்.

"தராதை. மண்ணிலை குத்திப்போட்டு வா."

எல்லாரும் பார்க்க எனக்கு முகம் சுட்டது. திரும்பும் பஸ்ஸில், கேட்காமலே சொன்னாய்:

"துக்கத்தைக் கைமாத்தக் கூடாதெண்டு சிலர் சொல்லுவினம். எனக்கென்னவோ, அந்தக் கடமையை ஒருத்தர் இன்னொருத்தரிட்டைக் குடுக்க ஏலாது எண்டுதான் படுது. அவரவர் தானாய்க் குனிஞ்சு எடுக்கோணும்."

அதற்கும் ஆதாரம் கேட்டேன்.

மருத்துவமனையில் கடைசி மூன்று வாரமும் நீ வகுப்பைப் பற்றி என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. இந்தக் குறிப்புக் கோப்பை மட்டும் கட்டிலருகில் வைத்துவிட்டுப் போனாய். என்னை அதற்குத் தகுதியானவளாக நினைக்கவில்லை என்று எனக்குக் கோபமாகக்கூட இருந்தது. நீ கேட்டிருந்தால் மறுத்திருப்பேன். அது எனக்கு முன்பே உனக்குத் தெரிந்திருக்கிறது; அதனால்தான் கையில் நீட்டாமல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

இன்று காலை ஃபாதரை அழைத்து, வகுப்பை நான் எடுப்பதாகச் சொன்னேன்.

"நீங்களோ? நீங்கள் இதொண்டும் நம்புறேல்லையே!"

"இப்பவும் நம்பேல்லை, ஃபாதர். சனிக்கிழமை வாறன். சும்பாக்காரரை வேறை நாள் பாக்கச் சொல்லுங்கோ."

உன் தலைப்பின் கீழ் என் கையெழுத்தில் முதல் வரி எழுதிவிட்டேன்: 'எனக்கு ஆன்மாவில் நம்பிக்கை இல்லை.' இரண்டாவது வரியிலிருந்து உன் பக்கத்து நியாயம் தொடங்கும். குறையாமல் சொல்வேன், எட்டாவது வகுப்பு முடியும்வரை.