ஒன்பது அட்டைகள்

ஜூலை 21, திங்கள். தூறல்.
குடைக்கம்பி உடைந்தது. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சேறு.
நேற்று நெட்டில் போட்ட போட்டோ பிய்த்துக்கொண்டு ஓடுகிறது! எங்கள் சேலைக்கடையில் கவுண்டருக்குப் பின்னால் செல்வி அக்காவின் வீங்கிய கால்கள். "பத்து மணி நேரம் நிற்கிறோம். ஒரு ஸ்டூல் கிடையாது." அக்காவைக் கேட்டுத்தான் போட்டேன். முகம் இல்லை, கடைப்பெயர் இல்லை. ஆயிரக்கணக்கில் லைக்.
வாங்க: குடை, ஊக்கு, அம்மாவுக்கு பி.பி. மாத்திரை.

ஜூலை 22.
ஐயோ, அட்டை! கல்தரையின் சில்லிப்பு காலில் ஏறாமல் இருக்கச் சேலைப்பெட்டி மூடியை விரித்துத்தான் நிற்போம். மாறிப்போகாமல் இருக்க மூலையில் அவரவர் பெயர். படத்தில் 'செல்வி' பளிச். நானும் ஒரு முட்டாள்.
மேனேஜர் பார்த்துவிட்டார். அக்காவிடம், "வியாழக்கிழமை ஓனர் வர்றாரு. அதோட நீ வர வேணாம்."
அக்கா என்னைத் திட்டவில்லை. "நீ எழுதினது நெஜம்தான் ஸ்டெல்லா. ஆனா வேலை போறது எனக்குத்தானே?" திட்டியிருந்தால் தேவலை.

ஜூலை 23.
கமெண்டில் ஒரே வீராவேசம். "கடைப்பெயர் சொல்லுங்க, இழுத்து மூட வைப்போம்." மூடினால் எங்களுக்கு யார் சோறு போடுவார்கள்? லைக் போட்டவர்கள் கவுண்டருக்கு வரமாட்டார்கள். நாங்கள் ஒன்பது பேர் இருக்கிறோம், போதும்.
சாப்பாட்டு வேளையில் பேசினேன். ரேஷ்மா, "சலோ, பண்ணிடலாம்." கலாவுக்குத்தான் பயம். மார்க்கர் ஒன்று வாங்கினேன்.

ஜூலை 24. வெயில்.
ஓனர் குனிந்து பார்த்தார். ஒன்பது அட்டையிலும் 'செல்வி'. கலா அட்டையிலும்!
"யாரும்மா செல்வி?"
"நான்தான் சார்." ரேஷ்மா.
"நான்தான்." கலாவும்.
வரமகாலட்சுமி பண்டிகைக்குச் சேலை விற்கும் சீசன் நேரம். ஒன்பது பேரையும் அனுப்பிவிட்டு அவரா சேலை மடிப்பார்? அப்போது ஒரு கன்னட அம்மா உள்ளே வந்தார், கையில் போன், அதில் எங்கள் படம். "நிம்ம அங்கடியல்லி இவரிகெ ஸ்டூல் இதியா?" இவர்களுக்கு ஸ்டூல் உண்டா என்று கடைகடையாகக் கேட்டு வருகிறாராம். அந்தப் படம் வீண் போகவில்லை!
"ஆர்டர் பண்ணியாச்சு மேடம்." ஓனர் பச்சைப் பொய்.
"செவ்வாய்க்கிழமை வருது மேடம்," என்று நான் நாளும் குறித்துக் கொடுத்தேன்.
"அன்னைக்கே வந்து சேலை வாங்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார் அந்த அம்மா.
ஓனர் என்னை முறைத்தார். அக்காவைப் போகச் சொல்லவில்லை.

ஜூலை 29, செவ்வாய்.
வந்தது நாலு ஸ்டூல். பாக்கி ஐந்தை நாளைக்குக் கேட்க வேண்டும். விடமாட்டேன்.
முதலில் அக்காவை உட்கார வைத்தோம். போனை எடுத்தேன். "காலை மட்டும் எடுக்கறேன்க்கா."
"இந்த வாட்டி மூஞ்சியோட எடுடி."