ஓடைக்கரையில் சைக்கிள் பாதை

13 ஒக்டோபர் 1994, வியாழன்

பூங்காக் காட்டுக்குள் மவுண்டன் பைக் பாதை போடுவதுபற்றி கவுன்சில் இன்று ஊராரிடம் கருத்துக் கேட்டது. தேநீரும் பிஸ்கட்டும் உண்டு என்றதால் பக்கத்து வீட்டுச் சிவநேசனும் வந்தான். மனைவிக்கு நீரிழிவு என்று சொல்லி, வராத அவளுடைய பங்கையும் அவனே தின்றான்.

அதிகாரிப் பெண் வரைபடத்தை விரித்தார். பாதை ஓடையைக் கடக்கும் இடத்தைப் பார்த்ததும் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தேன். ஊரில் நடந்த சண்டையால் கீரிமலைக் கடலுக்குக் கொண்டுபோக முடியாமல், என் மனைவி ராணியின் சாம்பலை மூன்று வருடங்களுக்கு முன் நான் கரைத்த இடம் அது. யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. விடியற்காலையில், நாயை உலாத்தப் போகிறவன் போல, நாயில்லாமல் போனேன்.

"ஆட்சேபம் யாருக்காவது உண்டா?" என்று அதிகாரி கேட்டார்.

எழுந்துவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கள்ளமாய்ச் செய்த காரியத்தை எப்படிச் சொல்வது? வாய் தன் பழைய பகிடி வேலையைக் காட்டியது.

"இந்த வயிற்றோடு அந்த மேட்டில் ஏறலாமென்றால் எனக்குச் சம்மதம்."

மண்டபமே சிரித்தது. அவரும் சிரித்தபடி ஏதோ குறித்துக்கொண்டார். ஆட்சேபம் இல்லை என்றுதான் இருக்கும்.

வெளியே வந்ததும் சிவநேசன் முதுகில் தட்டினான். "அண்ணை, நீங்கள் இல்லாட்டி இண்டைக்குக் கூட்டம் செத்த வீடு மாதிரித்தான் கிடந்திருக்கும்."

"ஓம்" என்றேன்.

எழுத்தில் கருத்துச் சொல்ல இன்னும் இரண்டு கிழமை இருக்கிறதாம். வீட்டுக்கு வந்ததிலிருந்து மூன்று கடிதம் தொடங்கிவிட்டேன். மூன்றும் பகிடியாகத்தான் வருகின்றன.