குலைநோயும் அம்மாவின் காலும்

அன்புள்ள அம்மாவுக்கு, முருகவேல் வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

“தாலியறுத்தவ கால் வச்சதாலதான் நெல்லுக்குக் குலைநோய் வந்துச்சு” என்று பெரியப்பா உங்களைப் பேசினாராமே. அது பூஞ்சை, அம்மா. அதன் வித்துகள் மாவைவிடப் பொடி. காற்றில் ஏறி வரப்பு தாண்டும்.

நேற்று லிட்டில் இந்தியாவில் எங்கள் கடையில் மாவு மூட்டையை மின்விசிறிக்கு முன்னால் பிரித்துவிட்டேன். எதிர்ச் சாரி நகைக்கடைக்கு வந்தவர்கள் தலையெல்லாம் வெள்ளை. “ஃபேனை நிறுத்திட்டுப் பிரிக்கணும்லா!” என்று முதலாளி இப்ராஹீம் கத்தினார். என் ராசியைத் திட்டவில்லை.

ஊரிலிருந்து யாராவது இங்கே வந்தால் பருப்புப்பொடி கொடுத்தனுப்புங்கள். தனியாகச் சாப்பிடும்போது சோறு இறங்கவில்லை.

கடை திறந்தாயிற்று. பெரியப்பா வயலிலும் இப்போது குலைநோயாம். அங்கே எந்தத் தாலியறுத்தவள் கால் வைத்தாள் என்று கேளுங்கள். கேட்டுவிட்டு நம் வயலில் இறங்குங்கள்.

முருகவேல்